பெரிய அலை சர்ஃபிங்ல பொண்ணுங்க: எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

கோவளத்துல, மெட்ராஸ் கோவளம் இல்ல, விழிஞ்ஞம் பக்கத்துல உள்ள கோவளம், அங்க சின்ன பிள்ளைகளுக்கு சர்ஃபிங் சொல்லிக்குடுக்குறது என் வேலை. சொந்த ஊரு பார்டருக்கு இந்தப்பக்கம், கொல்லங்கோடு. போர்ச்சுகல்ல பெரிய அலை வர்ற ஊரு நசரே, அங்க எடுத்த வீடியோ ஏதாவது வாட்ஸப்ல சுத்த ஆரம்பிச்சா போதும், பொழியூர், நீரோடி, தூத்தூர்னு தேங்காப்பட்டணம் வரைக்கும் உள்ள பிள்ளைங்க, அவங்க அம்மாமார், கரைல வலை சரி பண்ணிட்டு இருக்குற மாமாமார் வரைக்கும் அதே டவுட்டுகளத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

எக்கா, பிக் வேவ்னா எத்தன அடி? ஆனி ஆடில நம்ம குளச்சல்ல வர்றதும் பெருசு தானே?

கறாரா ஒரு கோடு கிடையாது. அலையோட முகம் 20 அடி தாண்டினா பிக் வேவ்னு சொல்ல ஆரம்பிப்பாங்க, நான் கீழ சொல்லப்போற பொண்ணுங்க போறது 40, 50, 70 அடி. முகம்னா கீழ பள்ளத்துல இருந்து உச்சி வரைக்கும் முன்னாடி நிக்குற சுவர். ஹவாய்க்காரங்க பழைய வழக்கப்படி பின்பக்க உயரத்த வச்சு சொல்லுவாங்க, அதனால அவங்க 20 அடின்னா முகம் கிட்டத்தட்ட 40 அடி இருக்கும். இது தெரியாம கமெண்ட்ல சண்ட போடுறவங்க நெறைய.

ஆனி ஆடி கடல் பயங்கரம்தான், தேங்காப்பட்டணம் துறைமுக வாயில வள்ளம் கவுந்து எத்தன பேர் போயிருக்காங்கன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனா அது பருவக்காத்து கெளப்பி விடுற குழம்பின கடல், கண்ட இடத்துல உடையும், ஒரே சுவரா நிக்காது. சர்ஃபருக்கு வேண்டியது எங்கயோ தூரத்துல புயல் அடிச்சு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வர்ற நீள அலை, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 15, 20 செகண்ட் இருக்கும். நம்மகிட்ட அந்த வகைல வர்றது கள்ளக்கடல், தெற்கு இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச காத்துக்கு இங்க காத்தே இல்லாத நாள்ல தண்ணி ஏறும். உயரம் நசரே கிட்டகூட வராது, ஆனா ஆள இழுக்குறதுக்கு அது போதும். 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்சுல 5 மருத்துவ மாணவர்கள் போனது அப்பிடி எச்சரிக்கை இருந்த நாள்லதான்.

மொதல்ல போன பொண்ணு யாரு? இதெல்லாம் இப்போ வந்த பேஷன் தானே?

இல்ல. 1959லயே லிண்டா பென்சன் ஹவாய்ல வைமியா பேல எறங்கிட்டாங்க, அப்போ வயசு 15. கலிபோர்னியால மேவரிக்ஸ்னு ஒரு இடம், தண்ணி ஜில்லுனு இருக்கும், பாறை, சுறா எல்லாம் உண்டு, அங்க 1999ல மொத பொண்ணா அலை பிடிச்சது சாரா கெர்ஹார்ட். அவங்க கெமிஸ்ட்ரில டாக்டரேட் பண்ணி காலேஜ்ல பாடம் எடுக்குறவங்க.

கடல் யாரையும் தடுக்கல, போட்டி நடத்துறவங்கதான் தடுத்தாங்க. டஹிட்டில டியாஹுபோன்னு ஒரு அலை இருக்கு, அங்க பெண்களுக்கு நடந்துட்டு இருந்த உலக டூர் போட்டிய 2006க்கு அப்புறம் எடுத்துட்டாங்க, அப்புறம் 2022லதான் திருப்பி வச்சாங்க. நடுவுல 2015ல ஹவாய்க்காரி கியாலா கென்னலி அதே அலைல ஒரு குகை மாதிரி சுருள்குள்ள, பேரல்னு சொல்லுவாங்க, புகுந்து வெளிய வந்தாங்க, ஆம்பளைங்களும் சேர்ந்து நிக்குற பிரிவுலயே அந்த வருஷத்தோட சிறந்த பேரல்னு 2016ல அவார்ட் வாங்கினாங்க. 2011ல அதே எடத்துல முகம் பாறைல அடிச்சு தையல் போட்டவங்க, அதையும் சேத்து நினைச்சுக்கோங்க.

ஜெட் ஸ்கில கட்டி இழுத்து விட்டா யாரு வேணாலும் போலாமே, அது சீட்டிங் இல்லியா?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு கையால துழாவி தானே அலை பிடிக்குறது, அதுக்கு 9, 10 அடி நீள போர்டு. இன்னொண்ணு ஜெட் ஸ்கி கயிறு பிடிச்சு ஏறுறது, அதுக்கு 6 அடி கிட்ட சின்ன போர்டு, கால மாட்ட பட்டை, தண்ணி மேல குதிக்காம இருக்க ஈயம் வச்சு எடை ஏத்தியிருப்பாங்க. அலை பெருசாக ஆக அது ஓடுற வேகமும் கூடும், ஒரு அளவுக்கு மேல கையால துழாவி அந்த வேகத்த எட்டவே முடியாது. நசரேல 70 அடிய இழுவை இல்லாம பிடிக்குறது நடக்காத காரியம், அதனால சீட்டிங்னு சொல்லாதீங்க, ரெண்டும் வேற வேற வித்தை. ரெக்கார்டும் தனித்தனியாத்தான் வைக்குறாங்க.

கயிற விட்டதுக்கு அப்புறம் கீழ வரைக்கும் தனியாத்தான் நிக்கணும். அலைல சின்ன சின்ன மேடு இருக்கும், மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்துல அது ஒவ்வொண்ணும் கால உதறும். முட்டிதான் மொத்தத்தையும் வாங்கும்.

என்னோட குறை என்னன்னா ஜெட் ஸ்கி ஓட்டுறவர் பேரு யாருக்கும் தெரியாது. எந்த அலைய எடுக்குறதுன்னு தேர்வு பண்றது, சரியான எடத்துல கொண்டு விடுறது, விழுந்தா அடுத்த அலை வர்றதுக்குள்ள நுரைக்குள்ள புகுந்து தூக்குறது எல்லாம் அவர்தான். நம்ம கரைல படகு ஓட்டுற நல்ல ஸ்ராங்க் யாருன்னு எல்லாருக்கும் தெரியும், அங்க வீடியோல அந்த ஆள் ஓரமா ஒரு புள்ளியா தெரிவார், அவ்ளோதான்.

நசரேன்னு ஒரு ஊர்ல மட்டும் ஏன் அவ்ளோ பெருசா வருது?

போர்ச்சுகல்ல உள்ள மீன்பிடி ஊரு அது. கரைக்கு ரொம்ப பக்கத்துலயே கடலுக்கடில ஒரு பெரிய பள்ளத்தாக்கு ஆரம்பிக்குது, 200 கிலோமீட்டருக்கு மேல நீளம், கடைசில ஆழம் 5000 மீட்டர் கிட்ட. ஆழத்து மேல வர்ற அலை வேகமா ஓடும், பக்கத்துல ஆழம் கம்மியான தரை மேல வர்றது மெதுவாகும். பள்ளத்தாக்கு மேல வந்த பாகம் திரும்பி வந்து மத்தது மேல ஏறி உக்காரும், ரெண்டும் சேர்ந்து ஒரு எடத்துல கூர் மாதிரி எழும்பும். அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் வட அட்லாண்டிக்ல புயல் சீசன், அப்போதான் கூட்டம்.

அந்த ஊர்ல 1980கள்ல துறைமுகம் வர்ற வரைக்கும் படகெல்லாம் பீச்சுல இருந்தே அலைய வெட்டித்தான் எறங்குமாம், போனவன் வராம கறுப்பு உடுத்த பொம்பளைங்க நெறைய. வடக்கு பீச்ச உள்ளூர்க்காரங்க ஏறிட்டே பாக்க மாட்டாங்க. 2011 நவம்பர்ல ஹவாய்க்காரர் கேரட் மெக்நமாரா அங்க 78 அடி போனதுக்கு அப்புறம்தான் உலகம் திரும்பிப் பாத்துச்சு.

விழுந்தா என்ன ஆகும்? நேரா சொல்லுங்க.

நேராவே சொல்றேன். பிரேசில்ல ரியோ டி ஜெனிரோக்காரி மாயா கபெய்ரா, சின்ன வயசுல ஆஸ்துமா, அப்பா ஃபெர்னாண்டோ கபெய்ரா தெரிஞ்ச அரசியல்வாதி. 2013 அக்டோபர் 28, நசரே. அலைல வரும்போது ஒரு மேட்டுல தூக்கிப்போட்டு கணுக்கால் பக்கம் எலும்பு உடைஞ்சுது, விழுந்தாங்க. அடுத்தடுத்து வந்த அலை போட்டிருந்த லைஃப் வெஸ்ட்டையே உருவிட்டு போச்சு. கூட வந்த கார்லோஸ் புர்லே ஜெட் ஸ்கில வந்து கயிறு போட்டார், பிடிச்சாங்க, ஆனா அதுக்குள்ள நினைவு போய் கை விட்டுருச்சு. முகம் தண்ணிக்குள்ள கவுந்து மிதந்தாங்க. அவர் ஸ்கிய விட்டு குதிச்சு கரைக்கு இழுத்துட்டு வந்து, மணல்ல வச்சு நெஞ்ச அமுக்கி மூச்சு கொண்டு வந்தாங்க.

கால் சீக்கிரம் சரியாச்சு. முதுகுதான் வருஷக்கணக்கா படுத்துச்சு, மூணு ஆபரேஷன், அது போக பயம், பதட்டம். அதுக்கப்புறமும் அதே நசரேல வந்து வீடு எடுத்து தங்கி பழகினாங்க. 2018 ஜனவரி 18ல 68 அடி, 2020 பிப்ரவரி 11ல 73.5 அடி, ரெண்டும் அதே பீச்சுலதான்.

எல்லாருக்கும் அப்பிடி வாய்க்குறதில்ல. மேவரிக்ஸ்ல 1994ல மார்க் ஃபூ இறந்தார், நசரேல 2023 ஜனவரில மார்சியோ ஃப்ரெய்ரி இறந்தார். ரெண்டு பேரும் அனுபவசாலிங்க.

5 நிமிஷம் மூச்சு பிடிக்கணுமாமே, நான் குளத்துல ட்ரை பண்றேன்...

பண்ணாத பிள்ளே. இந்த ஒரு பதிலையாவது முழுசா படி.

அலைக்கடில வழக்கமா 10, 20 செகண்ட்தான் இருப்பாங்க, மோசமா போனா அடுத்த அலையும் மேல விழுந்து இன்னும் நீளும். கேக்க கம்மியா தெரியும், ஆனா அங்க மூச்சு வாங்கிட்டு நிதானமா முங்குறதில்ல, இதயம் படபடன்னு அடிச்சிட்டு இருக்கும்போது பாதி மூச்சோட உள்ள போய் உருட்டி எடுக்கும், மேல எது கீழ எதுன்னு தெரியாது. அதனாலதான் ஓடி களைச்ச உடனே மூச்சு பிடிச்சு பழகுறாங்க, கை காலெல்லாம் தளர்த்தி அசையாம இருக்க பழகுறாங்க. 5 நிமிஷம்னு சொல்றது ஸ்விம்மிங் பூல்ல அசையாம மிதந்துட்டு பக்கத்துல ட்ரெயினர் நின்னு பாத்துட்டு இருக்கும்போது எடுக்குற கணக்கு. தனியா குளத்துலயோ பூல்லயோ மூச்சு பிடிச்சா, முட்டுதுன்னு தெரியுறதுக்கு முன்னாடியே மயக்கம் வந்துரும், சத்தம் இல்லாம முங்கிடுவ, நீச்சல் சாம்பியனும் இதுல போயிருக்காங்க.

மூச்சுக்கு மேல இப்போ அவங்க நம்புறது காத்தடைக்குற வெஸ்ட். சின்ன கேஸ் குப்பி இருக்கும், கயிற இழுத்தா ஊதி மேல தூக்கும். 2013ல மாயாவுக்கு நடந்த மாதிரி வெஸ்ட்டே போயிட்டா அப்புறம் ஜெட் ஸ்கிக்காரர்தான்.

சம்பளம் யாரு தர்றா? மாசா மாசமா?

மாச சம்பளமெல்லாம் கிடையாது. ஸ்பான்சர்தான் சோறு. போர்டு, டிரஸ், பானம்னு ஏதாவது கம்பெனி வருஷ ஒப்பந்தம் போடும், அடிபட்டு ஒரு சீசன் உக்காந்தா புதுப்பிக்க மாட்டான். செலவு பயங்கரம்: ஜெட் ஸ்கி, பெட்ரோல், போர்டு உடைஞ்சா புதுசு, அலை வருதுன்னு முன்னறிவிப்பு பாத்த ரெண்டு நாள்ல பிளைட் டிக்கெட். போட்டியும் டேட் போட்டு நடக்காது, ஹவாய்ல எடி ஐகாவ் நினைவுப் போட்டி அலை 40 அடி முகம் வந்தாத்தான் நடக்கும், பல வருஷம் நடக்காமலே போகும்.

அதனால பாதிப்பேருக்கு வேற வேலை இருக்கு. ஹவாய்ல மாவி தீவுல ஆன்ட்ரியா மோலர் ஆம்புலன்ஸ் பாராமெடிக், கியாலா டிஜே, சாரா டீச்சர்னு மேலயே சொன்னேன். ஆன்ட்ரியா டியூட்டி முடிஞ்சு ஜாஸ்ங்குற அலைக்கு போறவங்க, அங்க கையால துழாவி போன மொத பொண்ணும் அவங்கதான், 2016ல 42 அடி பிடிச்சாங்க.

பரிசுப்பணம் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒண்ணா?

இப்போ ஒண்ணு, ஆனா சும்மா வரல. மேவரிக்ஸ் போட்டில அப்போ பெண்கள் பிரிவே கிடையாது. 2016ல பியான்கா வலென்டி, கியாலா, ஆன்ட்ரியா, பெய்ஜ் ஆம்ஸ் நாலு பேரும் சேர்ந்து ஒரு கமிட்டி வச்சாங்க. அவங்க போன ரூட் எனக்கு ரொம்ப பிடிக்கும், கோஷம் போடல, பெர்மிட்ட பிடிச்சாங்க. கடற்கரை பொதுச்சொத்து, அதுல காசு பாக்குற போட்டிக்கு அரசு அனுமதி தருது, அப்போ பாதிப்பேர விட்டுட்டு எப்பிடி அனுமதி தருவீங்கன்னு கலிபோர்னியா அதிகாரிங்க முன்னாடி போய் உக்காந்தாங்க. முதல்ல பெண்கள் பிரிவு வைக்கணும்னு நிபந்தனை வந்துச்சு, அப்புறம் சமப் பரிசும் இல்லாம அனுமதி கிடைக்காதுங்குற நிலைமை ஆச்சு.

அதே 2016ல ஜாஸ்ல மொத முறையா பெண்களுக்கு பெரிய அலைப் போட்டி நடந்துச்சு, ஜெயிச்சது பெய்ஜ். 2018 செப்டம்பர்ல, உலக சர்ஃபிங் போட்டிகள நடத்துற வேர்ல்ட் சர்ஃப் லீக் எல்லா போட்டிலயும் 2019ல இருந்து சமப் பரிசுன்னு அறிவிச்சுது. 2019ல கலிபோர்னியா அத சட்டமாவே போட்டுச்சு, அரசு நிலத்துல நடக்குற போட்டிக்கு ஒரே பரிசுதான் தரணும். கூத்து என்னன்னா, இவ்ளோ போராடி வாங்கின அந்த மேவரிக்ஸ் போட்டி சரியான அலை வராம நடக்காமலே போச்சு, அப்புறம் லீக் அத லிஸ்ட்ல இருந்தே தூக்கிருச்சு.

அலைய யாரு அளக்குறா, டேப் வச்சா?

போட்டோவும் வீடியோவும் வச்சு. நிக்குற ஆளோட கால் நீளம், போர்டு நீளம் தெரியும்ல, அத அளவுகோலா வச்சு பள்ளத்துல இருந்து உச்சி வரைக்கும் கணக்கு போடுவாங்க. கஷ்டம் என்னன்னா பள்ளம் எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்கு சரியா தெரியாது, கேமரா எந்த உயரத்துல இருந்துச்சுங்குறதும் கணக்க மாத்தும்.

2018ல மாயா 68 அடி போனப்போ பெண்கள் பிரிவுல ரெக்கார்டுன்னு ஒண்ணே இல்ல, லீக் பதில் சொல்லாம இழுத்துச்சு, அவங்க ஆன்லைன் மனு போட்டு ஆயிரக்கணக்கான கையெழுத்து வாங்கின அப்புறம்தான் அக்டோபர்ல கின்னஸ் கிடைச்சுது. 2020ல ஒரே நாள், ஒரே போட்டி, மாயாவும் பிரான்ஸ்காரி ஜஸ்டின் டுபோனும் பெரிய அலை போனாங்க, விஞ்ஞானிங்கள வச்சு அளந்து மாயாவுக்கு 73.5 அடின்னு முடிவாச்சு, வித்தியாசம் சில அடிதான், ஜஸ்டின் அந்த முடிவ ஏத்துக்கல. என்னைக் கேட்டா அந்த ரெண்டு அலையும் ஒண்ணுதான். ஆனா அந்த சீசன்ல ஆம்பளைங்க உட்பட யாரும் அத விட பெருசு போகல, அத மட்டும் மறக்காதீங்க.

ஆம்பளைங்க ரெக்கார்டு பெருசு தானே? அப்போ எதுக்கு பெண்கள் ரெக்கார்டுன்னு தனியா?

பெருசுதான். ஜெர்மன்காரர் செபாஸ்டியன் ஸ்டூட்னர் 2020 அக்டோபர்ல நசரேல 86 அடி. கையால துழாவுறதுல பெண்கள்ல இப்போ ஆஸ்திரேலியாக்காரி லாரா எனெவர், 2023 ஜனவரி 22ல ஹவாய்ல 43.6 அடி, மேல சொன்ன ஆன்ட்ரியாவோட 42 அடிய தாண்டினாங்க. அன்னைக்குதான் எடி போட்டிலயும் பெண்கள் மொத முறையா எறங்கினாங்க.

தனியா எதுக்குன்னா, காசு விஷயம். ரெக்கார்டு இருந்தா ஸ்பான்சர் வருவான், ஸ்பான்சர் இருந்தாத்தான் ஜெட் ஸ்கியும் நல்ல டிரைவரும், அது ரெண்டும் இருந்தாத்தான் அடுத்த பெரிய அலை. பத்து வருஷம் அந்த சங்கிலிக்கு வெளிய நிறுத்திட்டு அப்புறம் உன் நம்பர் ஏன் கம்மின்னு கேட்டா எப்பிடி.

ஒலிம்பிக்ஸ்ல உண்டா?

பிக் வேவ் கிடையாது. சாதா சர்ஃபிங் உண்டு. ஆனா பாரிஸ் 2024 சர்ஃபிங்க டஹிட்டி டியாஹுபோலதான் வச்சாங்க, பெண்கள் போட்டிய எடுத்துட்டாங்கன்னு ரெண்டாவது கேள்வில சொன்னேனே, அதே அலை.

கல்யாணம் குழந்தைன்னு ஆனா முடிஞ்சுது தானே?

இந்தக் கேள்விய ஒரு ஆம்பள சர்ஃபர பத்தி யாரும் எங்கிட்ட கேட்டதே இல்ல. ஆன்ட்ரியா மோலர் ஒரு பொண்ணுக்கு அம்மா, சாராவும் அம்மாதான். இந்த விளையாட்டுல 30க்கு மேலதான் கடல் படிக்கவே வரும். மாயா 2025 ஜனவரில ஓய்வுன்னு அறிவிச்சப்போ 37 வயசு.

லேர்ட் ஹாமில்டன் சொன்னது சரிதானே, தெறமை இல்லாம போனா காப்பாத்துறவனுக்கும் ஆபத்துதானே?

தெரியாதவங்களுக்கு: லேர்ட் ஹாமில்டன் ஜெட் ஸ்கி இழுவை முறைய வளத்தவங்கள்ல முக்கியமானவர். 2013 விபத்துக்கு அப்புறம் டிவில, மாயாவுக்கு அந்த அலைக்கு உண்டான தெறமை இல்லன்னு சொல்லிட்டார்.

பாதி சரி. விழுந்தா தூக்க வர்றவன் உயிரும் பணயம், அத யோசிக்காம எறங்கக் கூடாது, எங்க மாமாமாரும் அதையேதான் சொல்லுவாங்க. ஆனா அதே அளவுகோல எல்லாருக்கும் வைக்கணும்ல. அந்த காலகட்டத்துல அதே நசரேல விழுந்து தூக்கி வந்த ஆம்பளைங்கள பாத்து தகுதி இருக்கான்னு யாரும் டிவில கேட்கல, வீரன்னுதான் சொன்னாங்க. மாயாவோட பதில் பேச்சுல இல்ல, ஜெட் ஸ்கி ஓட்ட கத்துக்கிட்டாங்க, ஸ்டூட்னரோட டீமா சேர்ந்து அவர இழுத்து விடுறதும் விழுந்தா தூக்குறதும் அவங்களே பண்ணாங்க. தெறமை பத்தின கேள்விக்கு எனக்கு அந்த பதில் போதும்.

என் மக இதுதான் வேணும்னு நிக்குறா. பிழைக்க முடியுமா பிள்ளே?

பிக் வேவ்வ வச்சு மட்டும்னா முடியாது அம்மா, ஏன்னு சம்பளக் கேள்வில இருக்கு, அதுவும் நம்ம நாட்டுல அந்த சைஸ் அலையே இல்ல. ஆனா சர்ஃபிங்க வச்சு பிழைக்கலாம். கர்நாடகால இஷிதா மாளவியா 2007ல ஆரம்பிச்சு, இந்தியாவோட மொத பெண் தொழில்முறை சர்ஃபர்னு பேரெடுத்து, சர்ஃப் ஸ்கூலே நடத்துறாங்க. மாமல்லபுரத்துல 2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் போட்டியே நடந்துச்சு. வர்க்கலா, கோவளம், மாமல்லபுரம் பக்கமெல்லாம் கோச் வேலை இருக்கு, பெண் கோச்சுக்கு கேட்டு வர்றவங்க கூடிட்டுதான் இருக்காங்க.

மொதல்ல நீச்சல். கடற்கரைல பொறந்த பொம்பளப் பிள்ளைகள்ல பாதிக்கு நீச்சல் தெரியாது, ஆம்பளப் பிள்ளைய மட்டும் கடல்ல விட்டு வளத்த பழக்கம். அது தெரிஞ்சதும் கூட்டிட்டு வாங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கிளாஸ் கிடையாது, அக்டோபர் பாதிக்கு மேல காலைல ஆறரைக்கு. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாள்ல நானே போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிருவேன்.